மடையை விட்டுவிட்டு வாய்க்காலை வெட்டுகிறோம்

புல்லட்டின் ஹெட்டைக் கழற்றிப் பட்டறை மேசைமேல் கவிழ்த்து வைத்தால் போதும், நெல்லையில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "போர்ட்டத் தொறந்துவிட்டு பாலிஷ் போட்டுரும் வே, வண்டி பறக்கும்லா." சொல்பவர் மெக்கானிக்காக இருக்கலாம், வண்டிக்காரராக இருக்கலாம், டீ குடிக்க வந்து ஓரமாக நின்றவராகவும் இருக்கலாம். மறுத்துப் பேச ஆள் இருக்காது. எஞ்சின் மூச்சு விடுகிறது, மூக்குத் துவாரம் பெரிதானால் மூச்சு கூடும், மூச்சு கூடினால் வலு கூடும் என்ற கணக்கு அவ்வளவு நியாயமாகக் காதில் விழுகிறது. ஒற்றைச் சிலிண்டர் புல்லட்டில் வேர்விட்ட இந்த நம்பிக்கை, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நாற்கரச் சாலை வழியே கன்னியாகுமரிக்குப் போகிற இரட்டைச் சிலிண்டர் வி-ட்வின் வண்டிகளுக்கும் தொற்றிவிட்டது. ஹார்லி வாங்கியவரும் அடுத்த செலவாக ஹெட் வேலையைத்தான் யோசிக்கிறார். என் கருத்து இதற்கு நேர் எதிரானது. தெருவில் ஓடும் வண்டியில், தெருவில் ஓடும் வேகத்தில், போர்ட்டைப் பெரிதாக்கினால் வலு கூடாது, பெரும்பாலும் குறையும். கண்ணாடிப் பாலிஷ் வீண். வி-ட்வினில் இந்த வேலை புல்லட்டில் செய்வதைவிடக் கெடுதலானது.

தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க இயற்பியல் புத்தகம்கூடத் தேவையில்லை. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள்தான் இந்தப் பள்ளத்தாக்கின் நெல். பாளையங்கால்வாயில் ஓரிடத்தில் கரையை வெட்டி அகலமாக்கினால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் கூடுதலாகப் போகுமா? எந்த விவசாயியும் சிரிப்பார். அகலமான இடத்தில் நீரின் ஓட்டம் தளரும், வண்டல் படியும், ஆகாயத்தாமரை மண்டும். வயலுக்குள் எவ்வளவு பாய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வயலோரத்து மடை. மடை ஒரு சாண் என்றால் வாய்க்கால் ஒரு பாகம் அகலமாக இருந்தும் ஒரு சாண் மடைக்கான தண்ணீர்தான். எஞ்சினில் சிலிண்டர்தான் வயல், வால்வு மடை, கார்புரேட்டரிலிருந்து வால்வு வரைக்கும் ஹெட்டுக்குள் போகிற போர்ட் வாய்க்கால். நம் பட்டறைகளில் மடையைத் தொடாமல் வாய்க்காலை வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

உவமையோடு விட்டுவிட வேண்டாம், கணக்கும் போட்டுப் பார்க்கலாம். பழைய இரும்பு எஞ்சின் புல்லட் 350-இல் சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. நிமிடத்துக்கு 2,500 சுற்றில், அதாவது அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசத்துக்குச் சாவகாசமாகப் போகும் வேகத்தில், பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 7.5 மீட்டர். போர்ட்டின் விட்டம் 28 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அதற்குள் காற்று சராசரியாக நொடிக்கு 47 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. கிரைண்டரை விட்டு அதை 32 மி.மீ. ஆக்குகிறோம். சுரண்டியது சுற்றிலும் வெறும் 2 மி.மீ.தான். ஆனால் காற்றின் வேகம் நொடிக்கு 36 மீட்டராகிவிடுகிறது, ஏறக்குறைய கால்வாசி போய்விட்டது. ஓடும் காற்றிலுள்ள இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், அதில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. பிஸ்டன் முன்பு எவ்வளவு இழுத்ததோ அவ்வளவுதான் இப்போதும் இழுக்கிறது. வழி பெரிதானதால் உள்ளே வருவது கூடிவிடவில்லை, சோம்பேறியாகிவிட்டது.

"மெதுவாக வந்தால் என்ன, வந்து சேர்ந்தால் சரிதானே" என்பார்கள். இங்கேதான் வாய்க்கால் உவமை நின்றுவிடுகிறது, காற்று தன் வழியில் நடந்துகொள்கிறது. வாய்க்காலில் தண்ணீர் இடைவிடாமல் ஓடுகிறது. எஞ்சினிலோ காற்று பாய்ந்து, முட்டி நின்று, மறுபடி பாய்கிறது. பிஸ்டன் அடியைத் தொட்டவுடன் இன்லெட் வால்வு மூடிவிடுவதில்லை. கிராங்க் மேலும் 50, 60 பாகை திரும்பிய பிறகுதான் மூடுகிறது. அதற்குள் பிஸ்டன் மேலேறத் தொடங்கிவிடும். ஏறுகிற பிஸ்டன் உள்ளே வந்த காற்றை வெளியே தள்ளப் பார்க்கும்போது அதை எதிர்த்து நிற்பது எது? போர்ட்டுக்குள் ஓடி வந்துகொண்டிருக்கும் காற்றுத் தூணின் உந்தம் ஒன்றுதான். வேகமாக வந்த காற்று, பிஸ்டன் எதிர்த்தாலும் இன்னும் கொஞ்சம் உள்ளே திணித்துக்கொள்ளும். தளர்ந்து வந்த காற்று பின்வாங்கிக் கார்புரேட்டர் வழியே துப்பிவிடும். போர்ட் திறந்த வண்டிகளில் குறைந்த வேகத்தில் கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் பனிபோலத் தெறிப்பதைப் பார்த்துப் பலர் "எஞ்சின் நல்லா மூச்சு விடுது" என்று மகிழ்கிறார்கள். சிலிண்டருக்குள் போய்ச் சேர்ந்த பெட்ரோல் திரும்பி வந்து தெறிக்கிறது, அவ்வளவுதான்.

மடைக்கு வருவோம். வால்வு திறக்கும்போது காற்று நுழைவது அதன் விளிம்புக்கும் அது அமரும் சீட்டுக்கும் நடுவேயுள்ள வளைய இடைவெளியில். அந்த இடைவெளியின் பரப்பு, வால்வின் சுற்றளவை அது எழும்பிய உயரத்தால் பெருக்கினால் கிடைக்கும். வால்வு தன் விட்டத்தில் கால்பங்கு உயரம் எழும்பினால்தான் அந்தப் பரப்பு வால்வின் முழுப் பரப்புக்குச் சமமாகும். திறந்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி வால்வு அதைவிடக் குறைவாகவே திறந்திருக்கிறது. ஆகவே காற்றுக்குத் தடை போர்ட்டின் நடுவயிற்றில் இல்லை, சீட்டைச் சுற்றிய சில மில்லிமீட்டரில் இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பல காலம் எஞ்சின் ஆய்வு செய்த சார்லஸ் ஃபயெட் டெய்லர் இதைத்தான் ஒரு சூத்திரமாக்கினார். இன்லெட் வால்வு வழியே போகும் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தில் ஏறக்குறைய 0.6 பங்கைத் தாண்டினால் எஞ்சின் நிரம்புவது சட்டென்று விழுந்துவிடும். அந்தச் சூத்திரத்தில் பிஸ்டனின் வேகம் உண்டு, சிலிண்டர் விட்டம் உண்டு, வால்வு விட்டம் உண்டு, வால்வு எவ்வளவு தாராளமாக விடுகிறது என்பதற்கு ஒரு எண் உண்டு. போர்ட்டின் விட்டத்துக்கு அதில் இடமே இல்லை. நல்ல ஹெட் வேலை என்பது சீட்டை மூன்று கோணத்தில் வெட்டுவது, சீட்டுக்குக் கீழுள்ள தொண்டையை வால்வு விட்டத்தில் 85, 90 சதவீதத்துக்குள் வைத்து வளைவை உடையாமல் இணைப்பது, காற்று திரும்புகிற உள்வளைவின் கூர்மையை மழுக்குவது, வால்வு கைடின் ஆட்டத்தை எடுப்பது. கேஸ்கெட் ஓரத்தில் படிக்கட்டுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பைச் சமன்செய்வதையும் நான் குறை சொல்ல மாட்டேன். சுரண்டி எடுக்கும் உலோகம் ஒரு தேக்கரண்டிகூட வராது.

பாலிஷ் விஷயத்தில் பேச அதிகமில்லை. குழாயின் சுவரை ஒட்டி எப்போதும் மெல்லிய ஒரு படலம் தேங்கியே நகர்கிறது. சுவரின் சொரசொரப்பு அந்தப் படலத்துக்குள் மறைந்துவிடும் அளவில் இருக்கும்வரை, கண்ணாடிச் சுவரானாலும் உப்புத்தாள் தேய்த்த சுவரானாலும் நடுவில் போகும் காற்றுக்கு ஒன்றுதான். கார்புரேட்டர் வண்டியில் வழவழப்பு கெடுதலாகவும் முடியும், ஏனென்றால் சுவரில் படிந்த பெட்ரோல் துளிகள் வழவழப்பில் ஓடையாக வழிந்து போகும். சிறு சொரசொரப்பு இருந்தால் காற்று அதைக் கிள்ளித் தூவிக்கொண்டு போகும். அதனால்தான் அனுபவமுள்ள டியூனர்கள் இன்லெட் போர்ட்டை 60, 80 நம்பர் உப்புத்தாளோடு நிறுத்திவிடுகிறார்கள். எக்ஸாஸ்ட் பக்கம் பாலிஷ் போட்டால் கரி கொஞ்சம் மெதுவாகப் பிடிக்கும், அதற்குமேல் இல்லை. பின் ஏன் இந்தப் பாலிஷ் இவ்வளவு பிரபலம்? கண்ணுக்குத் தெரிகிறது, அதனால்தான். வெள்ளிக் கிண்ணம்போல் மின்னும் போர்ட்டைக் காட்டினால் வண்டிக்காரர் மறுபேச்சில்லாமல் கூலி கொடுப்பார். ஒரு மில்லிமீட்டர் அகலச் சீட்டை வட்டம் பிசகாமல் வெட்டியதைக் காட்டினால், "இதுக்கா இவ்வளவு துட்டு?" என்பார். மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, மினுக்கத்துக்குக் காசு கொடுப்பது நாம்தான்.

வி-ட்வினில் இந்தத் தவறு ஏன் பெரிதாகிறது? ஹார்லியின் பாரம்பரியப் பெரிய எஞ்சின்களிலும் இந்தியாவில் நிறைய விற்ற 883-இலும் இரு சிலிண்டர்களுக்கு இடைப்பட்ட கோணம் 45 பாகை. இரண்டு கனெக்டிங் ராடும் ஒரே கிராங்க் பின்னில் மாட்டியிருப்பதால் எரிதல்கள் சம இடைவெளியில் வருவதில்லை, ஒன்று 315 பாகைக்குப் பின், அடுத்தது 405 பாகைக்குப் பின். அந்த நொண்டி நடைதான் ஹார்லியின் சத்தம். இரண்டு ஹெட்டுக்கும் நடுவிலுள்ள கவட்டைக் குழாய் ஒன்றே காற்றைப் பிரித்துக் கொடுக்கிறது. ஒரு சிலிண்டர் இழுத்து முடித்த சூட்டோடு இன்னொன்று இழுக்கத் தொடங்கும், பிறகு நீண்ட ஓய்வு. ஆக இரு சிலிண்டருக்கும் ஒரே அளவு கலவை எளிதில் கிடைப்பதில்லை. பின் சிலிண்டர் முன் சிலிண்டரின் நிழலில் நிற்பதால் சூடும் அதிகம். இப்படிச் சமன் இல்லாத இடத்தில், கையால் பிடித்த கிரைண்டரால், கண்ணளவில், இரண்டு ஹெட்டைத் தனித்தனியாகச் சுரண்டினால் என்ன ஆகும்? ஒன்றில் 2 மி.மீ., மற்றதில் 3 மி.மீ. என்று பிசகும். எரிஅறையின் கொள்ளளவும் இரண்டில் இரண்டு விதமாகும். புல்லட்டில் செய்த தவறு ஒரே சிலிண்டருக்குள் அடங்கிவிடும். இங்கே இரண்டு தவறுகளும் ஒன்றோடொன்று முரண்படும், ஒரே கலவை அளவால் இரண்டையும் திருப்திப்படுத்த முடியாது. ஹார்லியின் சொந்தப் பந்தய வரலாறே இதற்குச் சாட்சி. 1970-இல் வந்த எக்ஸ்.ஆர்.750-க்கு இரும்பு ஹெட். சூடு தாங்காமல் அதற்கு வாஃபிள் சுடும் அச்சு என்றே கேலிப்பெயர் விழுந்தது. 1972-இல் அலுமினிய ஹெட் வந்தது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் கார்புரேட்டர் வந்தது. அதன் பிறகுதான் அது பல்லாண்டு மண்தடங்களை ஆண்டது. குணம் கண்டது சூட்டைக் கடத்துவதிலும் இரு சிலிண்டரையும் தனித்தனியே கவனிப்பதிலும்.

இரட்டைச் சிலிண்டர் ஹெட் வடிவமைப்பின் வரலாற்றை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால், பெரிய துவாரக் கட்சிக்கு அங்கே ஆதரவு கிடைப்பதில்லை. இத்தாலியின் டுகாட்டி 90 பாகை வி-ட்வினை அரை நூற்றாண்டாகச் செதுக்கி வருகிறது. எழுபதுகளில் ஃபாபியோ டாலியோனி வடித்த பெவல் எஞ்சினில் இன்லெட், எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு இடையே 80 பாகை. அவரே பின்னர் வடித்த பாண்டாவில் 60. எண்பதுகளின் கடைசியில் மாசிமோ போர்டி நான்கு வால்வு வைத்த 851-இல் 40. 2001-இல் வந்த டெஸ்டாஸ்ட்ரெட்டாவில் 25. அந்தப் பெயருக்கே ஒடுங்கிய தலை என்றுதான் பொருள். ஹார்லியும் அதே பாதையில்தான் நடந்தது. ஷவல்ஹெட்டின் அரைக்கோள எரிஅறையில் 90 பாகையாக இருந்த வால்வுக் கோணத்தை 1984-இன் எவல்யூஷனில் 58 ஆக்கினார்கள். எஞ்சின் அளவு அதே 1,340 சி.சி., ஆனால் வலுவும் இழுவையும் கூடின. கோணம் அகன்றிருந்தால் எரிஅறை குழிவிழுந்துவிடும், இறுக்கம் கூட்டப் பிஸ்டன் தலையில் மேடு வைக்க வேண்டும், தீ அந்த மேட்டைச் சுற்றிப் பரவத் திணறும், சூடு சுவருக்குள் போய்விடும். கோணம் ஒடுங்கினால் அறை தட்டையாகும், போர்ட் நேராகும், தீ சுருக்கென்று பரவும். ஹெட்டின் கடமையில் காற்றை உள்ளே விடுவது பாதி, வந்ததை நன்றாக எரிப்பது மறுபாதி. நம் பட்டறைப் பேச்சில் இந்த மறுபாதியைப் பற்றி ஒரு வார்த்தைகூட வருவதில்லை. திருவொற்றியூரில் வளர்ந்த புல்லட்டையே பாருங்கள்: இரும்பு எஞ்சினில் 18 குதிரைத்திறன், இறுக்க விகிதத்தை 8.5 ஆக்கிய யு.சி.இ. எஞ்சினில் 19.8, 9.5 ஆக்கி கேம் ஷாஃப்டை ஹெட்டுக்குள் ஏற்றிய ஜே-சீரிஸ் எஞ்சினில் 20.2. வலுவை வேறு வழியில் கேட்டவர்களும் உண்டு. புல்லட் ஹெட்டுகளையே வைத்து இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் கட்டினார்கள்: அனிகேத் வர்தன் 59 பாகையில் மஸ்கெட் எஞ்சினை, ஆஸ்திரேலியாவின் பால் கார்பெரி 55 பாகையில் 1,000 சி.சி. எஞ்சினை. வலு வேண்டியபோது அவர்கள் வைத்தது இன்னொரு சிலிண்டர்.

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் வரும். பந்தயக்காரர்கள் போர்ட்டைத் திறக்கிறார்களே என்பது முதலாவது. திறக்கிறார்கள், உண்மை. அவர்களின் எஞ்சின் நிமிடத்துக்கு 8,000, 9,000 சுற்றிலேயே வாழ்கிறது. அந்த வேகத்தில் பெரிய போர்ட்டிலும் காற்று விரைந்து ஓடும். கேம், வால்வு, பிஸ்டன், எக்ஸாஸ்ட் எல்லாம் அதற்கேற்ப மாறியிருக்கும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குச் செதுக்கிய ஹெட்டை மணிமுத்தாறு ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஓட்டுவது, மல்யுத்தக்காரனின் சாப்பாட்டைக் குழந்தைக்கு ஊட்டுவதுபோல. இரண்டாவது, ஹெட் வழியே காற்றை ஓட்டி அளக்கும் ஃப்ளோ பெஞ்சில் வைத்தால் காற்று கூடுதலாகப் போவது தெரிகிறதே என்பது. தெரியும்தான். அந்த மேசையில் காற்று ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கிறது, வால்வு ஒரே உயரத்தில் நிற்கிறது, பிஸ்டன் எதிர்ப்பதில்லை. அது ஹெட்டைச் சோதிக்க நல்ல கருவி, எஞ்சினைச் சோதிக்கும் கருவி அல்ல. இதற்குத் துணையாக, 2016-இல் வந்த ஹார்லியின் மில்வாக்கி எய்ட் முந்தையதைவிட 50 சதவீதம் அதிகக் காற்றை விடும் என்று நிறுவனமே சொல்கிறது என்பார்கள். அங்கே சிலிண்டருக்கு இரண்டு வால்வு இருந்த இடத்தில் நான்கு வால்வு வைத்தார்கள், எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றிக் குளிர்விக்க வழி செய்தார்கள். மடைகளை இரட்டிப்பாக்கியவர்களைச் சாட்சிக்கு அழைத்து வாய்க்கால் வெட்டுவதை நியாயப்படுத்த முடியாது.

மூன்றாவது வாதம்தான் வலுவானது: "வேலை பார்த்த பிறகு வண்டி நல்லாப் போகுதே, ஓட்டுறவனுக்குத் தெரியாதா?" ஓட்டுபவர் பொய் சொல்லவில்லை. ஹெட்டைக் கழற்றிய அன்று போர்ட்டை மட்டுமா தொட்டார்கள்? ஆண்டுக்கணக்கான கரியைச் சுரண்டினார்கள், வால்வை பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்கார வைத்தார்கள், புதுக் கேஸ்கெட் போட்டார்கள், டேப்பட் வைத்தார்கள், ஜெட்டைச் சுத்தம் செய்தார்கள். இழந்த வலு திரும்பி வந்தது, பெயர் போர்ட்டுக்குப் போனது. போதாக்குறைக்கு சைலன்சரையும் திறந்துவிடுவார்கள். சத்தம் கூடியதும் மனசுக்குள் வேகமும் கூடிவிடுகிறது. நடுவேகத்தில் இழுவை குழிவிழுந்து, அதைத் தாண்டியதும் வண்டி திடீரென்று பாயும்போது, அந்தப் பாய்ச்சலைத்தான் உடம்பு வலுவாக எடுத்துக்கொள்கிறது, முன்னால் விழுந்த குழியை மறந்துவிடுகிறது. இதே திருநெல்வேலி மாவட்டத்தில் மகேந்திரகிரி இருக்கிறது. அங்கே விகாஸ் ராக்கெட் எஞ்சினையும் கிரையோஜெனிக் எஞ்சினையும் சோதனை மேடையில் கட்டி எரித்து அளக்கிறார்கள். சத்தத்தைக் கேட்டு உந்துவிசை கூடிவிட்டது என்று அங்கே யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. மோட்டார் சைக்கிளுக்கு அவ்வளவு பெரிய மேடை வேண்டாம், வலுவை அளக்கும் டைனோ ஒன்று போதும். அதுவும் பக்கத்தில் இல்லையென்றால் ஒரே சாலை, ஒரே கியர், 40 கி.மீ. வேகத்திலிருந்து 80 வரை போக எத்தனை நொடி என்று வேலைக்கு முன்னும் பின்னும் கடிகாரம் பிடித்தாலே பாதி உண்மை வெளிவந்துவிடும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பி.எஸ்.6 மாசு விதிகளுக்காகக் கலவையைச் சிக்கனமாக வைத்த வண்டிகளில் கலவையைச் சரிசெய்தால் ஓட்டம் மென்மையாகும். அது ஹெட்டைத் தொடாத வேலை, வேண்டாமென்றால் திருப்பியும் வைத்துக்கொள்ளலாம். சுரண்டிய அலுமினியத்தை மீண்டும் ஒட்ட முடியாது. தண்ணீர் குளிர்விக்கும் ஹெட்டில் சுவர் தாண்டிவிட்டால் போர்ட்டுக்குள் கூலன்ட் வரும், அதோடு ஹெட் போச்சு. பாளையங்கோட்டையின் சித்திரை வெயிலையும், சாதாரணப் பம்பில் கிடைக்கும் பெட்ரோலையும் வைத்து ஓட்டுகிற நமக்கு, பின் சிலிண்டர் அதிகம் சுடாமல், இரண்டு அறையும் ஒரே கொள்ளளவில், வால்வு ஒழுகாமல் இருப்பதே பெரிய டியூனிங்.

ஆகவே அடுத்த முறை வண்டியைப் பட்டறையில் விடும்போது "போர்ட்டத் தொறந்துவிடுங்க" என்று சொல்லாதீர்கள். சீட்டை எந்தெந்தக் கோணத்தில் வெட்டப் போகிறீர்கள், சீட்டின் அகலம் எவ்வளவு வைப்பீர்கள், இரண்டு எரிஅறையையும் எண்ணெய் ஊற்றி அளந்தால் எத்தனை சி.சி. வருகிறது என்று கேளுங்கள். எண்ணில் பதில் சொல்கிற மெக்கானிக்குக் கேட்ட கூலியைக் கொடுங்கள். "அதெல்லாம் எதுக்கு வே, பாலிஷ் போட்டா போதும்" என்று பதில் வந்தால், ஹெட்டைக் கழற்றவே விடாதீர்கள்.